வாத்துக் கணக்கெடுப்பு

டாக்டரம்மா பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மணி இன்னும் எட்டரைகூட ஆகவில்லை, அதற்குள் பூங்காவனத்துக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. பயம் என்று சொல்ல முடியாது, சந்தோஷம் என்றும் முழுசாகச் சொல்ல முடியாது, பெண் பார்க்க வந்த அன்றைக்கு இப்படித்தான் அடித்துக்கொண்டது, அன்றைக்காவது உட்கார ஒரு பாய் இருந்தது, பக்கத்தில் நாலு பொம்பளைகள் இருந்தார்கள், இன்றைக்கு அறுத்துவிட்ட வயலின் வரப்பில் தனியாக, கையில் கோலோடு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருக்கிறாள், இன்றைக்குப் பார்க்க வருவது அவளை இல்லை, அவள் வாத்துகளை. தாளடியில் சிந்திக் கிடக்கும் நெல்லையும் நத்தையையும் தேடி வாத்துகள் சேற்றில் மூக்கை விட்டுத் துழாவுகின்றன, அவற்றுக்கு ஒன்றும் தெரியாது, இன்றைக்குக் கவர்மெண்டு உங்களை எண்ண வருது, கொஞ்சம் பார்க்க லட்சணமா நில்லுங்க என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள், சொல்லிவிட்டு யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாக வாத்து மேய்க்கிறாள். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் கவர்மெண்டு ஆள் என்று அவளைத் தேடி வந்தவர்கள் எல்லாரும் ரோட்டில் விடாதே, ஏரியில் விடாதே, கால்வாயில் விடாதே என்று விரட்ட வந்தவர்கள்தான். எண்ண ஒருத்தர் வருகிறார் என்பது இதுதான் முதல் தடவை. பதினைந்து நாளைக்கு முன்னால் கால்நடை மருந்தகத்தில் கொரோனா நிவாரணத்துக்கு எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனபோது அந்த விண்ணப்பப் பாரத்தில் மாடு இருந்தது, எருமை இருந்தது, ஆடு, கோழி, பன்றிகூட இருந்தது, வாத்துக்கு மட்டும் இடமில்லை. அவள் திரும்பி வாசல்வரை வந்துவிட்டாள். அப்போதுதான் அந்த டாக்டரம்மா, முப்பது வயதுகூட இருக்காது, முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிகிறது, "ஏம்மா, இருங்க" என்று கூப்பிட்டு, ஸ்கேலை வைத்துப் பன்றிக்குக் கீழே ஒரு கோடு போட்டு, வாத்து என்று தன் கையாலேயே எழுதினார். அந்தக் கோட்டைப் பூங்காவனம் இந்தப் பதினைந்து நாளில் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பாள், நேராக, மை கசியாமல், கடையில் அச்சடித்தது போல இருந்த கோடு.

வேதகிரியின் டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்டது. வேதகிரி அவள் புருஷனின் தம்பி, அவனும் வாத்துக்காரன்தான், ஆனால் வெளியூர் போகாமல் உள்ளூர் வயல்களிலேயே மேய்ப்பவன், அதனால் லாக்டவுனில் அவனுக்கு ஒரு வாத்துகூடப் போகவில்லை. வண்டியை வேலங்காத்தான் முள்புதர் ஓரமாக நிறுத்திவிட்டு வந்தவன் வாத்துகளைப் பார்த்ததும் தலையில் கை வைத்தான். "இன்னா அண்ணி, என்னுது மட்டும் தனியா நிக்குது பாரு! நல்லா கலந்து உடுன்னு சொன்னேனே." அவன் சொன்னது சரிதான். நேற்றுச் சாயங்காலம் அவன் பட்டியிலிருந்து ஓட்டிவந்த அறுபது வாத்தும் வயலின் வடக்கு மூலையில் ஒரு கும்பலாக நிற்கின்றன, கொழுகொழுவென்று, இறகு பளபளவென்று, விருந்துக்கு வந்த இடத்தில் பேச ஆளில்லாத சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி. அவளுடைய வாத்துகள் இளைத்து, இப்போதுதான் புதுசாக இறகு முளைத்துத் தெற்கே மேய்கின்றன. பூங்காவனம் ஓடிப்போய்க் கோல் நுனியில் கட்டியிருந்த பிளாஸ்டிக் காகிதத்தை ஆட்டி இரண்டையும் ஒன்றாக்கினாள், கூழ் துழாவுவது போலத் துழாவினாள், துழாவிவிட்டு நிமிர்ந்தால் கொஞ்ச நேரத்தில் அதுஅது தன் கூட்டத்தைத் தேடிப் பிரிந்துவிடுகிறது, மறுபடி துழாவினாள். இருநூற்றைம்பது உருப்படி இருந்தால்தான் பணமாம், அதற்குக் கீழே இருந்தால் பேரைத் தள்ளிவிடுவார்களாம், இதை வேதகிரிதான் டீக்கடையில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னான். அவளிடம் இருப்பது இருநூற்றுப் பதினொன்று. "முப்பத்தொம்பது கம்மி, நான் அறுவதா தரேன், எண்ணும்போது ஒண்ணு ரெண்டு ஓடினாலும் கணக்கு வந்துடும்" என்றான், அவ்வளவு சுலபமாகச் சொன்னான், ஒரு ஆழாக்கு அரிசி கடன் தருகிற மாதிரி. அவளும் சரி என்றாள். சரி என்று சொன்னபோது நல்ல யோசனையாகத்தான் பட்டது, இப்போதும் நல்ல யோசனைதான், யாருக்கு நஷ்டம், இருநூற்றைம்பது என்று எவனோ ஒருத்தன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதினானே, அவன் என்ன அந்த ஏரிக்கரையில் வந்து நின்றானா.

அந்த ஏரிக்கரை. நினைக்கக் கூடாது என்றுதான் காலையில் எழுந்ததும் முடிவு பண்ணியிருந்தாள், இன்றைக்கு நல்ல நாள், இன்றைக்கு அது வேண்டாம், ஆனால் வேண்டாம் என்று சொன்ன உடனே அந்தத் தண்ணீர் கண்ணுக்கு முன்னால் வந்துவிடுகிறது, பச்சையாக, ஓரமெல்லாம் வெடித்துப்போய், நடுவில் மட்டும் ஒரு தாம்பாளம் அளவுக்கு மின்னிக்கொண்டு. மார்ச் மாசக் கடைசியில் ஆந்திரா எல்லைக்கு அந்தப் பக்கம் அந்த ஏரிக்கரையில் அறுநூற்று நாற்பது வாத்தோடு அவளும் புருஷன் தாண்டவராயனும் இருந்தார்கள். அறுப்பு முடிந்த வயலிலிருந்து அடுத்த அறுப்புக்கு லாரியில் ஏற்றிப் போக வேண்டும், அதுதான் தொழில், வாத்து ஒரே இடத்தில் இருந்தால் தின்ன ஏது. லாரி நின்றுவிட்டது. எல்லாமே நின்றுவிட்டது. முதல் வாரம் விளையாட்டாகத்தான் இருந்தது, தினம் நானூறு முட்டை, வாங்க வருகிற கேரளா வண்டி வரவில்லை, அவித்துத் தின்றார்கள், ஊருக்குள் கொண்டுபோய்ச் சும்மா கொடுத்தார்கள், இரண்டு நாள் வாங்கிக்கொண்டார்கள், மூன்றாம் நாள் ஊர் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார்கள், வாத்தால்தான் அந்தச் சீக்கு வருகிறது என்று எவனோ போனில் அனுப்பியிருந்தானாம். அப்புறம் முட்டையைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். அப்புறம் புதைக்க முட்டை இல்லை, பசியில் வாத்துகள் முட்டையிடுவதையே விட்டுவிட்டன. ஏப்ரல் வெயில். ஒரு வாத்து சாகும்போது கத்தாது, அது அவளுக்கு அங்கேதான் தெரிந்தது, கழுத்தை மடக்கி முதுகில் வைத்துக்கொண்டு தூங்குகிற மாதிரியே இருக்கும், கோலால் தொட்டால் சாய்ந்துவிடும். காலையில் எழுந்ததும் தாண்டவராயன் கோலை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவான். சாய்ந்ததையெல்லாம் எடுத்து அவள் புதைப்பாள். ஒரு நாள் பதினேழு, ஒரு நாள் முப்பது, அப்புறம் அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள், எண்ணாமல் இருந்தால் கொஞ்சம் தாங்கலாம் போலிருந்தது. நாற்பது நாள் கழித்து அனுமதிச் சீட்டு வாங்கி லாரி பிடித்து ஊருக்கு வந்தபோது, அறுநூற்று நாற்பதும் நெருக்கியடித்து நிற்கும் வண்டியில் வாத்துகள் தாராளமாக நடந்து திரிந்தன. வந்த மூன்றாம் வாரம் தாண்டவராயன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டான். "என்னால அதுங்கள பாக்க முடியல பூங்காவனம்" என்று மட்டும் சொன்னான். சண்டை போடவில்லை, குடிக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை பேசுவான், சாப்பிட்டியா என்பான், மழை பெய்ததா என்பான், வாத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்க மாட்டான்.

"வந்துட்டாங்க அண்ணி!" என்று வேதகிரி கத்தினான். மணி ஒன்பதேமுக்கால்தான், முன்னாலேயே வந்துவிட்டார்கள், முந்தானையை இழுத்துச் செருகினாள், முகமூடியை மூக்குக்கு மேலே ஏற்றினாள், அது ஓரகத்தி, வேதகிரி பெண்டாட்டி, பழைய பூப்போட்ட பாவாடையில் தைத்துக் கொடுத்தது, மூச்சு உள்ளேயே சுற்றிச் சுற்றிச் சூடாகிறது. ஸ்கூட்டரில் டாக்டரம்மா, பின்னால் தடியான ரிஜிஸ்டர் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கால்நடை ஆய்வாளர், வயசானவர், வரப்பில் இறங்கும்போதே செருப்பைப் பார்த்துப் பார்த்து முகம் சுளிக்கிறார். டாக்டரம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார். "எப்பிடிம்மா எண்றது? இதுங்க நிக்காது போலிருக்கே" என்று சிரித்தார். நிக்காதும்மா, நடக்க உட்டுத்தான் எண்ணணும், என்று பூங்காவனம் சொன்னாள், சொல்லும்போதே குரல் ஏறிவிட்டது, தனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை ஒரு டாக்டர் தன்னிடம் கேட்கிறார் என்ற நினைப்பிலேயே காது சூடாகிவிட்டது. நைலான் வலையை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டாள், வேதகிரியும் அவளும் பின்னாலிருந்து ஓட்ட, வாத்துகள் இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக அந்த இடுக்கில் புகுந்து வெளியே வந்தன, கழுத்தை நீட்டிக்கொண்டு, ஆடி ஆடி, ஒன்றோடொன்று சளசளவென்று பேசிக்கொண்டு, ஐயோ என்ன அழகு என்று அவளுக்கே முதல் தடவை பார்ப்பது போல இருந்தது. டாக்டரம்மா விரலை நீட்டி வாய்விட்டு எண்ணினார், ஆய்வாளர் அட்டையில் ஐந்தைந்தாகக் கோடு கிழித்தார். நூறு. நூற்றைம்பது. இருநூறு தாண்டியது, இருநூற்று நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, இருநூற்றைம்பது, வந்துவிட்டது, தாண்டிவிட்டது, வேதகிரி வரப்பில் நின்று முகமூடிக்குள்ளேயே சிரிக்கிறான், கண் சுருங்குவதில் தெரிகிறது, அவள் மனசு அந்தக் கணமே ஓடிப்போய்க் குஞ்சு பொரிக்கிற பண்ணை வாசலில் நின்றது, முந்நூறு குஞ்சு எடுக்கலாம், அட்டைப்பெட்டியில், மஞ்சள் மஞ்சளாக, முதல் பத்து நாள் பல்பு போட்டுச் சூடு காட்டணும், குறுணை அரிசி வாங்கணும், சித்திரைக்குள்ள முட்டைக்கு வந்துடும்.

"இருநூத்தி எழுபத்தொண்ணு" என்று டாக்டரம்மா முடித்தார். பிறகு ஆய்வாளரிடமிருந்து ரிஜிஸ்டரை வாங்கி வரப்பில் குந்திப் பக்கத்தைப் புரட்டினார். "இருக்கும்மா, உங்க பேரு இருக்கு. பிப்ரவரியில தடுப்பூசி போட்டப்ப அறுநூத்தி நாப்பது வாத்து. நல்ல வேளை அன்னிக்குக் கொண்டாந்தீங்க, இல்லேன்னா முன்னாடி எத்தன இருந்துச்சின்னு காட்ட ஒரு பேப்பரும் இருந்திருக்காது. அறுநூத்தி நாப்பதுல இருநூத்தி எழுபத்தொண்ணு போனா முந்நூத்தி அறுபத்தொம்பது. முந்நூத்தி அறுபத்தொம்பது வாத்து இழப்பு. அந்த முந்நூத்தி அறுபத்தொம்பதுக்கும் தலைக்கு இவ்வளவுன்னு உங்க அக்கவுண்டுல ஏறிடும்." பூங்காவனம் தலையாட்டினாள். ஆட்டிய தலை பாதியில் நின்றது. இழப்புக்கு. அப்படியானால் இருப்பதற்கு இல்லையா. உயிரோடு இருக்கிறதைப் பார்த்துத் தருகிற பணம் இல்லையா இது, செத்ததற்குத் தருகிற பணமா. வேதகிரியைப் பார்த்தாள், அவன் முகமூடிக்குள் சிரிப்பு போய்விட்டது, கண் அகலமாகத் திறந்திருந்தது, மெதுவாக, ரொம்ப மெதுவாக, தலையை இடம் வலமாக அசைத்தான், பேசாதே என்று. அவன் சொல்வதும் சரிதான், இப்போது வாயைத் திறந்தால் கடன் வாங்கின வாத்து என்று தெரிந்துவிடும், பேரையே அடித்துவிடுவார்கள், அறுபது போனால் போகட்டும், முந்நூற்று அறுபத்தொன்பது பெரிய கணக்குத்தானே, அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது. பேனா பாரத்தின்மேல் வந்துவிட்டது. முந்நூற்று அறுபத்தொன்பது. செத்தது அதைவிட அறுபது கூட, அப்படியானால் எந்த அறுபது, எந்த அறுபது சாகாமல் இருக்கிறது, முதல் நாள் போன பதினேழா, வேப்பமரத்தடியில் ஒரே குழியில் போட்ட முப்பதா, அவள் மடியிலேயே கழுத்தை மடக்கிக்கொண்டு போனதே, கொண்டை வைத்த வாத்து, எல்லாவற்றுக்கும் முன்னால் நடக்குமே, அதுவா. அதெல்லாம் இப்போது இந்தக் காகிதத்தில் உயிரோடு இருக்கப்போகிறது, வேதகிரியின் பட்டியில் தின்று கொழுத்த அறுபது வாத்து அதுகளுடைய இடத்தில் நின்றுகொண்டு நான்தான் அது என்று சொல்லப்போகிறது. செத்ததும் கணக்கில் வரவில்லை, புதைத்ததும் கணக்கில் வரவில்லை. மண்ணைக் கிளறின நகம் ஒரு மாசம் வரைக்கும் கறுப்பாக இருந்தது, அதுவும் பொய்யா.

"டாக்டரம்மா, அத எழுதாதீங்கம்மா." தன் குரல்தான் என்று அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது. பேனா நின்றது. "ஏம்மா? சரியாத்தானே எண்ணினோம்?" "எண்ணினது சரிதாம்மா. வாத்துதான் சரியில்ல. அதுல அறுவது என்னுது இல்ல. நேத்து சாயந்தரம் கொழுந்தன்கிட்டேருந்து ஓட்டியாந்து கலந்து உட்டேன்." சொல்லி முடித்ததும் கால் இரண்டும் சேற்றுக்குள் இன்னும் ஒரு சாண் இறங்கிவிட்டது போலிருந்தது, ஆனால் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தது அடங்கவில்லை, இன்னும் வேகமாக, கிட்டத்தட்ட சந்தோஷம் மாதிரி அடித்தது. ஆய்வாளர் அட்டையைத் தொடையில் தட்டினார். "பாத்தீங்களா மேடம்? நான் அப்பவே சொன்னேன், நேர்ல போய்ப் பாக்கணும்னு. இத மேல எழுதி அனுப்பிட்டு வேற ஆளப் பாக்கலாம்." டாக்டரம்மா அவரைப் பார்க்கவில்லை. "எதுக்கும்மா கலந்தீங்க?" என்று கேட்டார். "இருநூத்தம்பது இருந்தாத்தான் பணம்னாங்கம்மா." "யாரு சொன்னது?" பூங்காவனம் தரையைப் பார்த்தாள். கேள்விப்பட்டேம்மா, என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வேதகிரி வரப்பிலிருந்து சேற்றில் இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றான். "நாந்தான் மேடம் சொன்னேன். டீக்கடையில பேசிக்கினாங்க. வாத்தும் என்னுதுதான். அண்ணி மேல எழுதாதீங்க, எழுதறதுன்னா என் பேர எழுதுங்க." டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முகமூடிக்கு மேலே இருக்கும் கண்ணை வைத்து ஒரு மனுஷியின் மனசில் என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது. "அறுபதுக்குப் பணம் குறையுதுன்னு தெரிஞ்சதும் சொல்றீங்களாம்மா?" என்று கேட்டார். குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், அதனால் பூங்காவனத்துக்குப் பதில் சொல்ல முடிந்தது. "பணமும் வேணுந்தாம்மா, இல்லேன்னு சொல்லல. ஆனா என் வாத்து செத்துப்போச்சும்மா. நாந்தான் ஒண்ணொண்ணா பொதச்சேன். அதப்போயி உயிரோட இருக்குதுன்னு எழுதினா எப்பிடிம்மா? பேர அடிச்சாலும் அடிச்சிடுங்க, அத மட்டும் அப்பிடி எழுதாதீங்க."

ஒரு கொக்கு பக்கத்து வயலில் இறங்கியது. ஆய்வாளர் தொண்டையைக் கனைத்தார். டாக்டரம்மா பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு, "பிரிச்சுக் காட்டுங்க" என்றார். பிரிக்கிறதா, அதற்கு என்ன, காலையிலிருந்து அவை பிரிகிறதைத்தானே அவள் தடுத்துக்கொண்டிருந்தாள். வேதகிரி வடக்குப் பக்கம் ஓடிப்போய் நின்று அவனுடைய குரலில் ஹோய் ஹோய் என்றான், அவள் தெற்கே நின்று ஆவ் ஆவ் ஆவ் என்றாள், இரண்டு நிமிஷம் ஒரே குழப்பம், சேறு தெறித்தது, ஆய்வாளர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஏறினார், அப்புறம் நடுவில் தானாக ஒரு வழி விழுந்தது, கொழுத்ததெல்லாம் அந்தப் பக்கம், இளைத்ததெல்லாம் இந்தப் பக்கம், ஒன்றுகூட மாறவில்லை. டாக்டரம்மா "அடேயப்பா" என்றார், டாக்டர் என்பதை மறந்து, சின்னப்பிள்ளை மாதிரி. மறுபடி வலை, மறுபடி இடுக்கு, இந்தத் தடவை கோடும் அவரே கிழித்தார். இருநூற்றுப் பதினொன்று. பாரத்தில் ஏதோ நீளமாக எழுதினார், பூங்காவனத்துக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதுவும் தலைகீழாக என்ன தெரியும், பேரை அடிக்கிறாரா, அடித்தால் அடிக்கட்டும், இல்லை அடிக்கக் கூடாது, கடவுளே அடிக்கக் கூடாது. "என்ன எழுதியிருக்கேன்னு படிக்கிறேன், கேட்டுட்டுக் கையெழுத்து போடுங்க" என்று டாக்டரம்மா நிமிர்ந்தார். "முதல் எண்ணிக்கையில் இருந்த தவறை உரிமையாளரே முன்வந்து தெரிவித்ததால் மறுபடி எண்ணப்பட்டது. முன்பு இருந்தவை அறுநூற்று நாற்பது. இப்போது இருப்பவை இருநூற்றுப் பதினொன்று. பொதுமுடக்கக் காலத்தில் இறந்தவை நானூற்று இருபத்தொன்பது. நிவாரணத்துக்குப் பரிந்துரைக்கிறேன்." ஆய்வாளர் ஏதோ சொல்ல வந்தார். "நாந்தான கையெழுத்து போடறேன் சார், கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று டாக்டரம்மா சொன்னதும் அவர் ரிஜிஸ்டரை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பூங்காவனம் கையைப் புடவையில் துடைத்தாள், இன்னொரு தடவை துடைத்தாள், பூ, ங், கா என்று ஒவ்வொரு எழுத்தாக இறக்கி வைத்தாள். நானூற்று இருபத்தொன்பது. ஆறு மாசமாக அந்த எண்ணை அவளும் சொன்னதில்லை, அவனும் சொன்னதில்லை, கூட்டிப் பார்க்கவே பயம், இன்றைக்கு ஒரு டாக்டரம்மா நடு வயலில் நின்று சத்தமாகப் படித்துவிட்டார், படித்தும் வானம் விழவில்லை.

ஸ்கூட்டர் ரோட்டில் ஏறி மறையும்வரைகூட அவளால் பொறுக்க முடியவில்லை, போனை எடுத்துவிட்டாள், விரலில் இருந்த சேறு திரையில் பட்டு அழுத்தினது அழுந்தவில்லை, முந்தானையில் துடைத்து மறுபடி அழுத்தினாள். வேலை நேரத்தில் எடுக்க மாட்டான், எடுக்க மாட்டான் என்று நினைக்கும்போதே எடுத்துவிட்டான், பின்னால் கலவை இயந்திரம் கடகடவென்று சுற்றுகிறது. "இன்னா? இன்னா ஆச்சி?" என்று பதறினான். "ஒண்ணும் ஆவல. டாக்டரம்மா வந்து எண்ணிட்டுப் போறாங்க. செத்தது நானூத்தி இருவத்தொம்போதுன்னு எழுதிக்கினாங்க. அத்தினிக்கும் பணம் வரும்னு கையெழுத்து போட்டுட்டாங்க. கேக்குதா? நானூத்தி இருவத்தொம்போது." இயந்திரச் சத்தம் மெல்லக் குறைந்தது, போனை எடுத்துக்கொண்டு எங்கேயோ தள்ளிப் போகிறான், செங்கல் தூள்மேல் செருப்பு நறநறக்கிறது, மூச்சு கேட்கிறது. தப்புப் பண்ணிவிட்டோமோ, சொல்லியிருக்கக் கூடாதோ, எத்தனை என்று தெரியாமலே இருந்திருப்பான், போனை வைத்துவிடப்போகிறான், என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போது அவன் குரல் வந்தது, கரகரவென்று, ரொம்ப நாளாகப் பேசாத குரல் மாதிரி. "மீதி இருக்கறது முட்ட போடுதா?" பூங்காவனத்துக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் ஒன்றாக வந்ததில் வாய் குழறியது. "போட ஆரம்பிச்சிடுச்சி. இன்னிக்கு காலைல நாப்பத்தாறு." "நாப்பத்தாறா?" என்றான். அப்புறம், "ஞாயித்துக்கெழம வரேன். வலையில ஓட்ட இருக்கும், நீ கட்டாத, நான் வந்து கட்டறேன்" என்றான்.